குளிர்கிடங்கில் திறந்த வேதம்

மனைவி தன்னை விட்டுப் போகப் போகிறாள் என்ற சேதி ரீகெல்ட்டுக்கு வடகடலின் நடுவில், வயர்லெஸ்ஸில்தான் வந்தது. வலையை ஏற்றி, நாக்கு மீனைப் பெட்டிகளில் கொட்டிவிட்டு, காப்பிக்கு உட்கார்ந்த நேரம். பக்கத்துப் படகிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டான்.

"ரீகெல்ட்டு, மனசைத் தளர விடாதடா. நாங்கல்லாம் இருக்கோம்."

"எதுக்குடா?"

"அதான்... ஃபீனா விஷயம்."

"ஃபீனாவுக்கு என்ன?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "ஒனக்கே தெரியாதா? சரி விடு. காத்து எப்படி அங்க?" என்று அவன் பேச்சை மாற்றினான். சுற்றுவட்டாரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த அத்தனை படகும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மிச்சக் கதையை மற்ற படகுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை கரைக்கு வந்தவன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றான். ஃபீனா வெந்த உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னை விட்டுட்டுப் போறியாமே."

"எங்க போறேனாம்?"

"அதை எவனும் சொல்லலை. பைபிள்ல கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறியாம். மல்கியா புஸ்தகத்துக்குப் போறியாம். புருஷன் பொண்டாட்டி பிரியறதைப் பத்தி வேதத்துல எங்கெங்க இருக்கோ, அங்கல்லாம் போயிட்டு வர்றியாம்."

கிழங்குப் பாத்திரம் அவள் கையில் அப்படியே நின்றது. ஆவி முகத்தில் அடித்தது. அவள் படித்ததை அவளும் ஆண்டவரும் தவிர ஒருத்தருக்கும் தெரிய வழியில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

"படிச்சேன்தான்" என்றாள்.

"நம்மளைப் பத்தியா?"

"இல்லை."

"பின்ன யாரைப் பத்தி?"

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

ரீகெல்ட் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். "சரி. கிழங்கு வெந்துச்சா, இல்ல அதையும் சபை மூப்பர்கிட்டதான் கேக்கணுமா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் ஃபீனாவுக்குப் புரிந்தது. மூப்பர். போன். அந்த ஆப்.

ஃபீனாவின் முழுப்பெயர் ரூல்ஃபினா. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஓஸ்டர்ஹோர்ன் துறைமுகத்து மீன் ஆலையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே தட்டை மீனுக்கு முள்ளெடுத்துத் துண்டு போடுகிறவள். காலையில் ரப்பர் உடுப்பு மாட்டினால் மதியம் வரை இரண்டு கையும் மீனுக்குள். நாற்பது தாண்டியதும் கண்ணும் கைவிட்டது. அப்பா வழியில் வந்த வேதப்புத்தகத்தின் பொடி எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. அதனால் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வீட்டில் படிப்பாள். ஆலையில், இரைச்சலுக்குக் காதை மூடும் பட்டைக்குள் பொத்தான் மாதிரி ஒரு இயர்போனைச் செருகிக்கொண்டு, வாசிக்கிற குரலைக் கேட்டபடி கத்தியை ஓட்டுவாள். பக்கத்து மேசை ஹிஸ்கே தினமும் ஒரு தடவையாவது சீண்டுவாள்.

"என்னடி, இன்னைக்கு யாரு யாரைப் பெத்தாங்க?"

"ஒங்க அப்பன் ஒன்னைப் பெத்தது மட்டும்தான் இதுல இல்லை. வேலையைப் பாருடி."

சபையின் மூப்பர் மெய்ண்டெர்ட் கொண்டுவந்ததுதான் அந்த ஆப். படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்கிற கடைக்காரர். கெட்டவர் கிடையாது. ஊரில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் முதல் ஆளாகக் கேக்கோடு நிற்பவர். போன குளிர்காலத்தில் சபை மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கி, தானே ஆப்பைப் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் தானே 'சம்மதம்' என்று அழுத்தி, எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஃபீனாவும் வரிசையில் நின்றாள். ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயும் கொடுத்தார்.

அதில் ஒரு தீச்சுடர் படம் வரும். தினம் படித்தால் அதன் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் விட்டால் திரும்ப ஒன்றிலிருந்து. ஆலையில் பெண்கள் இதைச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

"எனக்கு ஆறுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுடி. திங்கக்கிழமை பார்த்தா மறுபடி ஒண்ணுல நிக்குது" என்பாள் ஹிஸ்கே.

"ஒனக்கு மட்டுமா? எனக்கும்தான். நம்ம விசுவாசம் அவ்வளவுதான் போல."

"மூப்பருக்கு நூறைத் தாண்டிருச்சாம். சபைத் தாள்ல போட்டிருக்காரு."

"அவரு மூப்பர்டி. நாம மீன்காரிங்க."

குழுத்தலைவரான மெய்ண்டெர்ட்டின் திரையில் சுடர் மட்டுமல்ல, எந்த ஆடு எந்த அதிகாரத்தில் மேய்ந்தது, எத்தனை முறை மேய்ந்தது என்பதும் தெரியும். இது ஆடுகளுக்குத் தெரியாது. கயிறு வாங்க வந்த படகுக்காரர்களிடம் அவர் கவலைப்பட்டுச் சொன்னதுதான் கடல் வரை போயிற்று.

ஃபீனா அந்த அதிகாரத்துக்குப் போனது தங்கைக்காக. யான்னா பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் ஹார்ம், வெளியே பார்த்தால் சிரித்த முகம். கோடை முடிகிற சமயத்தில் ஒருநாள் யான்னா முழுக்கைச் சட்டையோடு வந்தாள். காப்பி ஊற்றும்போது கை உயர்ந்தது, துணி விலகியது, கன்றிப்போயிருந்த தோலை ஃபீனா பார்த்துவிட்டாள். பார்த்ததைப் பார்த்த யான்னா கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, யாருகிட்டயும் சொல்லாத. ரீகெல்ட் அத்தான்கிட்டகூட. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் வெளிய வந்தா அது பாவமா? நீதான் எப்பவும் படிக்கிறியே. பார்த்துச் சொல்லுக்கா."

ஹார்ம், மூப்பர் மெய்ண்டெர்ட்டின் சொந்தத் தங்கை மகன். ஃபீனா தன்மேல் விழுந்த பேச்சைத் துடைக்க ஒரு வாக்கியம் போதும். 'எனக்கில்லை, தங்கச்சிக்கு' என்றால் முடிந்தது. அந்த வாக்கியம் மூப்பர் காதில் விழுந்த அன்றே ஹார்ம் வீட்டுக் கதவைத் தட்டும். அதற்கப்புறம் யான்னா முழுக்கைச் சட்டையோடு தப்ப முடியுமா என்று ஃபீனாவால் சொல்ல முடியவில்லை. ஆகவே ஊர் தன்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும், வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். வாயை மூடிக்கொள்வது வேறு, தலையைக் குனிவது வேறு. குனிய அவள் தயாரில்லை.

திங்கட்கிழமை காலை ஆலைக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழுவிலிருந்து வெளியேறினாள். கணக்கை அழித்தாள். ஆப்பையும் தூக்கி எறிந்தாள். 'போகிறீர்களா? உங்கள் சுடர் அணைந்துவிடும்' என்று போன் கெஞ்சியது.

"அணையட்டும்" என்றாள் சத்தமாக.

"யாருகிட்டடி பேசுற?" என்றாள் ஹிஸ்கே.

"வேவுகாரன்கிட்ட."

வேதம் இல்லாமல் அவளால் இருக்க முடியாது, பொடி எழுத்துக்கும் திரும்ப முடியாது. ஆகவே வேறு ஆப் தேடினாள். முதலாவது, மின்னஞ்சல் கொடுத்தால்தான் ஆதியாகமத்தையே திறப்பேன் என்றது. இரண்டாவது, நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா என்று கேட்டது. "பவுல் எங்க போனாருன்னு படிக்க, நான் எங்க இருக்கேன்னு ஒனக்கு எதுக்குடா?" என்று அதையும் அழித்தாள். மூன்றாவது ஒன்றுமே கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று கொரிந்தியரைத் திறந்தாள். மறுநாள் காலை போனில் ரொட்டி விலை பார்க்கப் போன இடத்தில், 'விவாகரத்தா? முதல் ஆலோசனை இலவசம்' என்று விளம்பரத்தில் ஒரு வக்கீல் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். ஃபீனாவுக்குக் காது வரை சூடேறியது. மூப்பராவது தெரிந்த மனுஷன். இவன் யார்?

அன்று இடைவேளையில் பெட்டி எடுக்க ஆலையின் குளிர்கிடங்குக்குள் போனாள். ஒரு கையகலக் கனத்துக்கு இரும்புக் கதவு. சுவரும் அப்படியே. உள்ளே போனால் போனில் ஒரு கோடு சிக்னலும் இருக்காது. அங்கே நின்று மூன்றாவது ஆப்பைத் திறந்தாள். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கொரிந்தியர் வரவில்லை.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. வேதம் இவள் போனில் இல்லவே இல்லை. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் இது எங்கோ போய் யாரிடமோ, 'ஃபீனாவுக்கு கொரிந்தியர் ஏழு வேணுமாம்' என்று கேட்டு வாங்கி வருகிறது. கேட்கிற இடத்தில் இருக்கிறவன் குறித்துக்கொள்ள மாட்டானா?

அன்றிலிருந்து குளிர்கிடங்குதான் அவளுக்குச் சோதனைச்சாலை. புதிதாக ஒன்றைப் போட்டால் பெட்டி எடுக்கிற சாக்கில் உள்ளே போவாள். திறந்தால் மிச்சக் கேள்வியைக் கேட்கலாம். திறக்காவிட்டால் அங்கேயே அழித்துவிட்டு வருவாள். ஹிஸ்கேவுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய்க் கதவைத் திறந்தாள். ஹெரிங் மீன் பெட்டிகளுக்கு நடுவே, குளிரில் வாயிலிருந்து ஆவி பறக்க, ஃபீனா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, கள்ளப் புருஷன்கிட்டயா பேசுற?"

"இங்க எவன்கிட்டடி பேச முடியும்? ஒரு கோடு காட்டு பார்ப்போம்."

விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னாள், யான்னாவை விட்டுவிட்டு. ஹிஸ்கே கதவை இழுத்துச் சாத்தினாள். "அப்ப நான் அந்தக் காதல் பாட்டை, உன்னதப்பாட்டை எத்தனை தடவை படிச்சேன்னு மெய்ண்டெர்ட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஐயோ, ஞாயித்துக்கிழமை கோயில்ல அந்தாளு மூஞ்சியை எப்படிடி பார்ப்பேன்!" என்று உடுப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி கதவைத் தட்டினார்.

கடைசியில் ஹிஸ்கே மகள்தான் ஒன்றைக் காட்டினாள். யாரோ சில பேர் லாபம் பார்க்காமல் சேர்ந்து எழுதி, எப்படி எழுதினோம் என்பதையும் ஊருக்குத் திறந்து வைத்த ஆப். பெயர் கேட்கவில்லை. மின்னஞ்சல் கேட்கவில்லை. வேதம் முழுவதையும் ஒரே தடவையில் போனுக்குள் இறக்கிவிட்டு, அதற்கப்புறம் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குரலும் அப்படியே, அதிகாரம் அதிகாரமாகக் கோப்புகளாகக் கிடைத்தது. ஃபீனா உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தினாள். திறந்தாள். சக்கரம் சுற்றவில்லை. பெரிய எழுத்தில் கொரிந்தியர் வந்து நின்றது. கண்ணில் நீர் வந்தது, குளிருக்கும் வந்திருக்கலாம்.

அந்தக் குளிரிலேயே நின்று ஏழாம் அதிகாரத்தை ஆற அமர வாசித்தாள். மாலை யான்னாவுக்குப் போன் பண்ணி, அவளுக்கு மட்டும் சொன்னாள்: "பாவம் ஒன்மேல இல்லடி. கையை ஓங்குனவன் மேல. நீ எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்கும். என்னைக்குன்னு நீதான் சொல்லணும், நான் இல்லை."

அதற்குள் ஊரில் பேச்சு முற்றிவிட்டது. பேக்கரியில் ஃபீனா நுழைந்தால் பேச்சு நின்றது. இலையுதிர்காலப் புயல் எச்சரிக்கையில் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடந்த வாரம், மூப்பர்கள் வீட்டுச் சந்திப்புக்கு வந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் வருவதுதான். ஆனால் இந்த வீட்டுக்கு இரண்டு மாதம் முன்கூட்டியே வந்தார்கள். மெய்ண்டெர்ட்டும், கூடவே வயதான மூப்பர் லௌவேயும். லௌவே பேசுவதே அபூர்வம். உட்கார்ந்ததும் பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

ஃபீனா காப்பி கொடுத்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட், அப்புறம் டப்பாவை மூடினாள். பெரிய ஜன்னல் வழியே தெருவிளக்கு தெரிந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டு ஜன்னலுக்கும் திரை கிடையாது.

"சகோதரி, சுத்தி வளைக்காம கேக்குறேன்" என்றார் மெய்ண்டெர்ட். "ஒங்களுக்கும் ரீகெல்ட்டுக்கும் எல்லாம் சரியா இருக்கா?"

"பக்கத்துலதானே இருக்காரு. அவரையே கேளுங்க."

"சரியாத்தான் இருக்கு" என்றான் ரீகெல்ட். "பிஸ்கட்தான் ஒண்ணுக்கு மேல தர மாட்டேங்குறா."

லௌவேயின் கன்னத்தில் மிட்டாய் இடம் மாறியது. மெய்ண்டெர்ட் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த அதிகாரத்தை எதுக்கு அத்தனை தடவை?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்லணும்னு எங்க இருக்கு?"

"குழுவுல இருந்தும் போயிட்டீங்க. சுடரை அணைச்சுட்டீங்க. மேய்ப்பன் ஆட்டை எண்ண வேண்டாமா சகோதரி?"

"எண்ணுங்க மூப்பரே. நான் இருக்கேனா இல்லையான்னு எண்ணுங்க. என்ன புல்லைத் தின்னேன்னு என் வாயைத் திறந்து பார்க்காதீங்க."

"நம்ம ஊர்ல எவன் வீட்டுல திரை இருக்கு? மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்குத் திரை எதுக்கு?"

"ஜன்னலுக்குத் திரை இல்லைதான். ஒங்க வீட்டுக் குளியலறைக்குக் கதவு இருக்குல்ல?"

மெய்ண்டெர்ட்டின் கழுத்து சிவந்தது. கோப்பையைத் தட்டில் வைத்தார். "வர்ற மாசம் இராப்போஜனம். மனசுல என்ன இருக்குன்னு சொல்லாத ஒருத்தங்களை மேசைக்கு எப்படி விடுறது? நீங்களே இந்தத் தடவை ஒதுங்கி இருந்தா நல்லது. இல்லைன்னா குழுவுக்குத் திரும்பி வாங்க. எல்லாருக்கும் முன்மாதிரியா இருக்கும்."

ரீகெல்ட் நாற்காலியில் நிமிர்ந்தான். ரொட்டியும் திராட்சரசமும் பெற மேசைக்கு எழுந்து போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை முழுச் சபையும் பார்க்கும். அதற்கப்புறம் அந்த ஊரில் விளக்கம் சொல்லி மாளாது. ஃபீனா அதை அறிவாள். யான்னாவின் கையையும் அறிவாள்.

"ரெண்டும் முடியாது" என்றாள். "மேசை ஒங்க கடையில வாங்குனது இல்லை மூப்பரே. நான் வருவேன்."

"பிடிவாதம் பிடிக்கிறீங்க. நான் என்ன, செய்யாததையா சொல்றேன்?" மெய்ண்டெர்ட் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரையை அவள் பக்கம் நீட்டினார். "பாருங்க. போன குளிர்காலத்துல இருந்து ஒருநாள் விட்டதில்லை. எல்லாரும் பார்க்கட்டுமே. எனக்கு என்ன பயம்?"

தீச்சுடர் எரிந்தது. பக்கத்தில் முந்நூறை நெருங்குகிற எண். ஃபீனா பெரிய எழுத்தில்லாமலே அதைப் படித்துவிட்டாள். ஆலையில் ஹிஸ்கே சொன்னது காதில் கேட்டது. ஆறுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுடி.

இந்த ஊரில் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் போன்கள் ரொட்டி டப்பாவுக்குள் போகும். ஓய்வுநாள் முழுக்க அங்கே கிடந்து, திங்கட்கிழமை காலை ரொட்டியோடு வெளியே வரும். அது ஊரே கடைப்பிடிக்கிற ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை போனைத் தொட்டவனைப் பற்றி மெய்ண்டெர்ட்டே மண்டபத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறார்.

"ஒருநாள்கூட விடலையா மூப்பரே?" என்றாள் மெதுவாக.

"ஒருநாள்கூட."

"ஞாயித்துக்கிழமையும் சேர்த்தா?"

மெய்ண்டெர்ட்டின் நீட்டிய கை தானாகப் பின்வாங்கியது. லௌவே மிட்டாயைக் கடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அது... காலைல, பின்கட்டுல... ஒரே ஒரு வசனம்" என்றார் மெய்ண்டெர்ட். குரல் இறங்கிவிட்டது. "சுடர் அணைஞ்சுபோயிடுமேன்னு..."

ரீகெல்ட் வாயெடுத்தான். ஃபீனா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"இருங்க. நான் குத்தம் சொல்லலை. நீங்க ஓய்வுநாள்ல என்ன பண்ணீங்கங்கறது ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது. எனக்கு அது தெரிஞ்சிருக்கவே கூடாது. ஆனா தெரிஞ்சுபோச்சு. பாருங்க, தெரிஞ்சதும் ஒங்க முகம் எப்படி ஆயிருச்சு. என் முகத்தை இந்த ஊர்ல இத்தனை வாரமா அப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க. வயர்லெஸ்ல என் புருஷனுக்கு ஆறுதல் சொல்றான் ஒருத்தன்!"

ஃபீனா பிஸ்கட் டப்பாவை ஓரமாக நகர்த்தினாள்.

"நான் இதை ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயந்து இல்லை. ஒங்களைக் கடன்படுத்தவும் இல்லை. இப்படித்தான் நடந்துக்கணும், அதுக்காக. நீங்க என் கதையை வெளிய விட்டீங்க. ஒங்க கதை இந்த அறையைத் தாண்டாது. கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணச் சொன்னது ஆண்டவர்தானே, நானா மூப்பரே?"

மெய்ண்டெர்ட் போனைப் பைக்குள் போட்டார். அதுவரை வாய் திறக்காத லௌவே கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"சகோதரி மேசைக்கு வருவாங்க" என்றார். "மெய்ண்டெர்ட்டு, கெளம்பு. அந்தக் கருமத்தை நாளைக்கு எல்லார் போன்ல இருந்தும் எடு. எடுத்துட்டு, ஏன்னு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." வாசலில் திரும்பினார். "ஃபீனா, ஒரு பிஸ்கட்டு கூடக் குடுத்திருக்கலாம்மா."

ஃபீனா டப்பாவோடு அவருக்குப் பின்னால் ஓடினாள்.

இராப்போஜன ஞாயிறன்று கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அவசரமே இல்லாமல் நடந்து போய் மேசையில் உட்கார்ந்தாள். ரொட்டித் தட்டை அவளுக்கு நகர்த்தியவர் மெய்ண்டெர்ட். கண் பார்த்து நகர்த்தினார். அது சுலபமான காரியமில்லை என்று ஃபீனா ஒத்துக்கொண்டாள், மனசுக்குள்.

நவம்பரில் ஒரு சாயங்காலம், மழைக்கு நடுவே யான்னா வந்தாள். ஒரு பெட்டி, ஒரு பூனை. காலையில் டாக்டரிடம் கையைக் காட்டி எழுதி வாங்கியிருந்தாள், போலீசிலும் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். ரீகெல்ட் கடலில் இருந்தான். ஃபீனா தங்கையை உட்கார வைத்து, பட்டாணி சூப்பைச் சூடாக்கி வைத்துவிட்டு, கடைக்குப் போனாள். தடித்த நீலத் துணியில் திரை வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலில் மாட்டினாள். எதிர்வீட்டில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. ஃபீனா அவர்களுக்குக் கையசைத்துவிட்டு, பொறுமையாக, ஓரம் வரை இழுத்து மூடினாள்.

உள்ளே யான்னா பூனையை மடியில் வைத்துக்கொண்டு, அக்காளின் போனில், பெரிய எழுத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாள் என்று ஃபீனா எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆலையில் ஹிஸ்கே கத்தியைக்கூட எடுக்கவில்லை.

"தெருவே பேசுது. திரை போட்டிருக்கியாமே? திரைக்குப் பின்னாடி என்னடி?"

ஃபீனா காதில் பொத்தானைச் செருகினாள். முதல் மீனை மேசையில் போட்டாள்.

"ஜன்னல்" என்றாள்.